கதவக்காவும் ஏழாவது வாக்குறுதியும்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு. கட்சிக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்தவர்களுக்கும் அவள் கதவக்கா. தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும், இருபது வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியதால் வந்த பெயர். தட்டுவதிலும் அவளுக்கு ஒரு முறை இருந்தது. இரண்டே தட்டு, பிறகு மூன்றடி பின்னால் போய் நின்றுகொள்வாள். கதவைத் திறக்கிறவர் கண்ணில் முதலில் படுவது நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு முகமாக இருக்கக் கூடாது என்பாள். துண்டறிக்கையையும் உடனே நீட்ட மாட்டாள். "போன தடவை அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்துச்சே, இப்ப எப்படி இருக்கு?" என்று ஆரம்பிப்பாள். பதிலைக் காதுகொடுத்துக் கேட்பாள். அதனாலேயே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்கூட அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "உங்க கட்சிக்குப் போட மாட்டேன், ஆனா நீங்க வாங்க" என்பார்கள்.

வார நாட்களில் அவள் இருந்தது பூமிக்குக் கீழே. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளமான கூடம். அங்கேதான் துணி வெளுக்கும் பிரிவு. மேலே இருக்கும் பதினான்கு வார்டுகளின் படுக்கை விரிப்புகளும், அறுவைச் சிகிச்சை அறையின் பச்சைத் துணிகளும் தள்ளுவண்டிகளில் இறங்கி வரும். முதல் வேலை பிரிப்பது. ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீரில் தனியாக ஊறப்போட வேண்டும். சூடு பட்டால் கறை விடாது. மடிப்புக்குள் ஊசி கிடக்கும், சில நாள் கத்தரிக்கோல் கிடக்கும். அதனால் துணியைத் தூக்கி உதறக் கூடாது, ஓரத்தைப் பிடித்து விரிக்க வேண்டும். கடைசியில் சூடான உருளை இயந்திரம். ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் பிடித்துக் கொடுத்தால், அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கம் நீங்கி வரும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த உருளையில் தோழி ஒருத்தியின் இடது கை சிக்கிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின. உருளைக்குள் கை போகாமல் தடுக்கும் காவல் கம்பி கழன்று விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "கவனமா இருந்திருக்கணும்" என்று நிர்வாகம் சொல்லி முடித்துவிட்டது. கட்சியிலிருந்து ஒருவர் வந்து அதிகாரியின் அறை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தார். நான்காம் நாள் கம்பி வந்தது, அடுத்த மாதம் நஷ்ட ஈடும் வந்தது. கதவக்கா அப்போதுதான் கட்சியில் சேர்ந்தாள். விரல் போனவளும் சேர்ந்தாள். அவளுக்குப் புயல் என்று பெயர், பேச்சின் வேகத்தால். வயதில் நாலைந்து வருடம் மூத்தவள். கதவக்காவை அவள் மட்டும் "கதவு" என்று மொட்டையாகக் கூப்பிடுவாள்.

கதவக்காவின் தம்பியும் அதே கட்சிதான். ஒன்பது வயது இளையவன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து, வேலையை விட்டுவிட்டுக் கட்சியின் பகுதிச் செயலாளர் ஆனவன். ஊருக்கு அவன் வாத்தியார், அவளுக்குத் தம்பி. அவனைத் தூக்கி வளர்த்தவள் என்ற உரிமை அவளுக்கு உண்டு; தன்னை விட விஷயம் தெரிந்தவன் என்ற பெருமையும் உண்டு. அவள் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். "ஒரு வீட்டுக்கு ஒரு கட்சி போதும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டவர்.

ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு வருடம் திடீரென்று துணி வெளுப்பது, சமைப்பது, பெருக்குவது மூன்றையும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தது. ஆட்கள் அவர்களேதான், கூடமும் அதேதான். ஆனால் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை எல்லாரையும் நான்கு நாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, ஐந்தாம் நாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து ஒரு வருடம் வேலை செய்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. இருபது வருடம் துணி பிரித்த கை, ஒவ்வொரு வருடமும் "முன் அனுபவம்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

அடுத்து வந்த தேர்தலில் தம்பி முதல் முறை வேட்பாளராக நின்றான். கட்சியின் தொகுதி வாக்குறுதிகளை எழுத அக்கா வீட்டுச் சமையலறை மேஜையில்தான் உட்கார்ந்தான். ஆறு வாக்குறுதிகளை எழுதிவிட்டு நிமிர்ந்து, "நீ சொல்லு, ஏழாவதா என்ன போடலாம்?" என்றான்.

அவள் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "எங்களத் திரும்ப ஆஸ்பத்திரியிலயே சேத்துக்கணும். அந்த நாலு நாள் இருக்கக் கூடாது. இதை அழகா எழுது."

அழகாகவே எழுதினான். 'ஒப்பந்தத்தில் விடப்பட்ட மூன்று பிரிவுகளையும் திரும்பப் பெற்று, அங்கே உழைப்பவர்களை நிரந்தரமாக்குவோம்.' அச்சில் வந்தபோது புயல் அந்தத் துண்டறிக்கையை உருளை இயந்திரத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்தாள்.

தம்பி இருநூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றான். நாடு முழுக்கக் கட்சி தோற்றது. தொடர்ந்து மூன்றாவது முறை.

அதற்குப் பிறகு கட்சிக்குள் ஒரே பேச்சுதான். இன்னும் இடதுபக்கம் போவதா, நடுவுக்கு நகர்வதா? சைக்கிள் கடைக்கு மேலே இருந்த கிளை அலுவலகத்தில், வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில், வாராவாரம் அதே வழக்கு. ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் பழைய தெருக்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களும் பட்டறைக்காரர்களும் பேருந்து ஓட்டுநர்களும் இருக்கும் இடம். அந்தப் பக்கம் எட்டு வருடத்தில் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். தம்பியின் கண் அந்தப் பக்கம் இருந்தது.

"நம்ம ஆளுங்க நமக்குத்தான் போடுவாங்க. வேற எங்க போவாங்க?" என்றான் ஒருநாள். "அந்தப் பக்கத்துல ஆயிரம் ஓட்டு வந்தா ஜெயிச்சோம். ஆனா 'திரும்பப் பெறுவோம், நிரந்தரமாக்குவோம்'னு நாம சொன்னா, 'வரி ஏத்துவோம்'னு அவங்க காதுல விழுது."

புயல் சும்மா இருப்பாளா. "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையால்ல இருக்கு, வாத்தியாரே."

"புருஷன் எங்கயும் போயிட மாட்டாரு, அக்கா."

"போக வேணாம். ஓட்டுப் போடற அன்னைக்கு வீட்டுலயே படுத்துக்குவாரு. அது போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஆனால் அடுத்து அவன் பேசியபோது குரல் தணிந்திருந்தது. "மூணு தடவை கொள்கையோட தோத்தாச்சு. நம்ம கொள்கையால இதுவரைக்கும் யாருக்கு என்ன கிடைச்சுது? கையில அதிகாரம் இல்லாம ஒரு காவல் கம்பி வாங்கலாம். அதுக்கு மேல வாங்க முடியாது."

கதவக்காவுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது. அதுதான் அவளுக்குக் கஷ்டம். புயலோடு விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது புயல் சொன்னது சரி. தம்பியின் வீட்டில், தோற்ற அன்று அவன் முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் அவன் சொன்னது சரி.

தலைமையிலிருந்து ஒரு படிவம் வந்தது. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு வாக்குறுதியையும் படித்துக் காட்டி மக்கள் கருத்தைக் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, தெரியாது. இந்தத் தொகுதியில் நூற்று நாற்பது வீடுகள் போதும் என்று தம்பி சொன்னான். யார் போவது என்ற கேள்வியே எழவில்லை.

முதல் ஞாயிறு, பழைய தெருக்களில் அச்சகக்காரர் ஒருவர் வீடு. காகிதம் அடுக்கி அடுக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போனவர். ஏழாவதைப் படித்துக் காட்டியதும் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "செஞ்சா நல்லதுதாம்மா. ஆனா நடக்கவா போகுது?"

"ஆதரவுன்னு போடட்டுமா அண்ணே?"

"நடக்காததுக்கு எதுக்கும்மா ஆதரவு? எங்க அச்சகத்துலயும் இதையேதான் முப்பது வருஷமா சொல்றாங்க. இதுக்காகன்னு நான் ஓட்டுப் போட மாட்டேன்."

அவள் பேனாவை மூன்று கட்டங்களுக்கும் மேலே வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் எதிலும் குறிக்காமல், ஓரத்தில் அவர் சொன்னதைப் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

அதே பேச்சு தெருவுக்குத் தெரு வந்தது. வார்த்தைகள்தான் மாறின. "உங்களால முடியுமா?" என்றார் ஒருவர். "ஜெயிச்சதும் மறந்துடுவீங்க" என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண், அந்த வாக்குறுதி யாருக்காக எழுதப்பட்டதோ அவளே, "வேணாம் அக்கா, ஆசை காட்டாதீங்க" என்று கதவைச் சாத்தினாள்.

ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி. நான்காவது மாடியில் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்யும் பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசினாள். கோபமில்லாமல்தான் பேசினாள். "எங்க கம்பெனியிலயும் யாரும் நிரந்தரம் இல்லைங்க. குழந்தை பிறந்து நாப்பதாவது நாள் வேலைக்குப் போனேன். அவங்களுக்கு மட்டும் எதுக்கு? குடுத்தா எல்லாருக்கும் குடுங்க, இல்லாட்டி விடுங்க." கதவக்கா நேராக எதிர்ப்பில் குறித்தாள். அதில் சந்தேகம் வரவில்லை. படியிறங்கும்போது மட்டும், அந்தப் பெண் கேட்டதில் தப்பு என்ன என்று யோசித்துக்கொண்டே இறங்கினாள்.

ஐந்து ஞாயிறுகள் ஆயின. குறிக்கப்படாமல் நாற்பத்து மூன்று வீடுகள் நின்றன. படிவங்களை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

"இவங்களை எதுல போடறது? வேணாங்கல. நடக்காதுங்கறாங்க."

தம்பி ஒவ்வொன்றாகப் புரட்டினான். "தெரியாதுன்னு போட்டா தலைமையில கழிச்சிடுவாங்க. நாப்பத்தி மூணு வீடு வீணாப் போயிடும். ஒண்ணு யோசி. இந்த வாக்குறுதிக்காக இவங்க நமக்கு ஓட்டுப் போடுவாங்களா?"

"மாட்டோம்னுதான் சொன்னாங்க."

"அப்ப எதிர்ப்புதானே?"

அவளுக்கு உள்ளே எங்கேயோ இடறியது. ஆனால் அவன் வாத்தியார். காலும் வலித்தது. அவன் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து, நாற்பத்து மூன்று முறை, எதிர்ப்பு என்ற கட்டத்தில் தன் கையாலேயே குறியிட்டாள். அவன் அவளுக்குப் பால் விட்டு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

மாவட்டக் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கில் நடந்தது. தரையில் வெள்ளைக் கோடுகள். கோடுகளுக்கு மேலே நாற்காலிகள். நூற்று ஐம்பத்தைந்து பிரதிநிதிகள். கதவக்காவும் புயலும் அதில் இருவர். தம்பி மேடையேறிப் படித்தான்: ஏழாவது வாக்குறுதிக்கு ஆதரவு முப்பத்தாறு, எதிர்ப்பு எழுபத்து மூன்று, தெரியாது முப்பத்தொன்று. படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தான்.

"இதை அலுவலகத்துல உக்காந்து யாரும் எழுதல. அதே துணி வெளுக்கிற பிரிவுல வேலை செய்யற என் அக்கா, வீடு வீடா ஏறி இறங்கி எடுத்துட்டு வந்தது. பொய் சொல்லத் தெரியாதவங்க. உங்களுக்கே தெரியும்."

அரங்கில் இருந்த தலைகள் திரும்பின. சிலர் கை தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

புயல் எழுந்தாள். மேடையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தாள். "கதவு, நீயே சொல்லு. நம்ம தெருவுல எழுபத்தி மூணு பேரு நம்மள வேணாம்னாங்களா?"

நாற்பத்து மூன்று என்று வாய் வரை வந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் மேடையில் தம்பி நின்றுகொண்டிருந்தான். இப்போதுதான் "பொய் சொல்லத் தெரியாதவங்க" என்றவன். இப்போது வாயைத் திறந்தால் இத்தனை பேர் முன்னால் அவனைப் பொய்யனாக்க வேண்டும்.

"நான்தான் குறிச்சேன்," என்றாள்.

புயல் உட்கார்ந்துவிட்டாள். ஏழாவது வாக்குறுதி மாற்றி எழுதப்பட்டது: 'ஒப்பந்தத் தொழிலாளர் நலன் குறித்துப் பரிசீலிக்கப்படும்.' ஆதரவாகத் தொண்ணூற்று இரண்டு கைகள், எதிராக ஐம்பத்தெட்டு. ஐந்து பேர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. அந்த ஐந்தில் கதவக்கா ஒருத்தி. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

"பரிசீலிக்கப்படும்னா என்ன அர்த்தம்?" என்று வீட்டில் கணவர் கேட்டார். லிப்டில் சிக்கியவர்களுக்கு அவர் நிர்வாகம் தரும் பதில் அது என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தேர்தல் வந்தது. தம்பி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு ஓட்டில் ஜெயித்தான். கட்சியும் ஆட்சிக்கு வந்தது. அவன் சொன்னபடியே அடுக்குமாடிகள் அவனைத் தூக்கிவிட்டன. புயல் சொன்னதும் நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வாக்குச்சாவடியில், முன்பெல்லாம் தெரு முனை வரை வரிசை நிற்கும் இடத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு அதிகாரிகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் பலித்தது. எண்ணி முடித்தபோது ஒன்று மற்றதை விடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

தம்பி கெட்டவனாகிவிடவில்லை. ரயில்பாதைக்குக் கீழே சுரங்கப்பாதை வந்தது. பழைய தெருக்களின் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வந்தது. மழை பெய்தால் இனி வகுப்பை விட வேண்டாம். கதவக்கா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தன் தம்பி போட்ட கூரை என்று அக்கம்பக்கத்தில் சொல்லவும் செய்தாள்.

கட்சி ஆட்சிக்கு வந்த எட்டாம் மாதம் ஆஸ்பத்திரி நிர்வாகம் அடித்தளத்துக் கூடத்தை மூடியது. துணிகளையெல்லாம் நகரத்துக்கு வெளியே, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பெரிய சலவை ஆலைக்கு அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்தது. இருபத்து மூன்று பேருக்கு வேலை போயிற்று. அதற்கு நோட்டீஸ்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த நான்கு நாள் வந்தது, ஐந்தாம் நாள் வரவில்லை.

அவள் தம்பியின் அலுவலகத்துக்குப் போனாள். வெளியே காத்திருந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்தபோதுதான் உள்ளே போனாள்.

"பேசிப் பார்த்தேன் அக்கா," என்றான். உண்மையாகவே பேசியிருந்தான், முகத்தில் தெரிந்தது. "அமைச்சர் என்ன சொல்றாருன்னா, 'உங்க அறிக்கையில பரிசீலிப்போம்னுதானே இருக்கு, பரிசீலிச்சாச்சு'ங்கறாரு. பழைய வாக்குறுதி இருந்திருந்தா கையப் பிடிச்சுக் கேட்டிருப்பேன். இப்ப எதைப் பிடிச்சுக் கேக்கறது?"

"அதை எடுத்தது யாரு?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "நீ எடுத்துட்டு வந்த படிவத்தை வெச்சுத்தானே எடுத்தோம்."

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னான். அதனாலேயே அது அவளை உறங்கவிடவில்லை, உண்ணவிடவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் கிளை அலுவலகத்தில் கிடந்த பழைய படிவங்களை எடுத்துக்கொண்டு, யாரும் அனுப்பாமல் தானே கிளம்பினாள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனாள். நான்கு வீட்டுக்காரர்கள் குடி மாறியிருந்தார்கள். மீதி முப்பத்தொன்பது கதவுகளிலும் ஒரே கேள்வி: "நடக்கவா போகுதுன்னு அன்னைக்குச் சொன்னீங்க. நடக்கும்னு நம்பிக்கை இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அச்சகக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வேணும்னுதாம்மா சொல்லியிருப்பேன். இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

இருபத்து நான்கு வீடுகளில் வேணும் என்றார்கள். நாலு வீட்டில் இப்போதும் தெரியவில்லை என்றார்கள். பதினொரு வீட்டில், நம்பிக்கை இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போம் என்றார்கள். அந்தப் பதினொன்றையும் அவள் மறைக்காமல் குறித்துக்கொண்டாள்.

பிறகு கிளைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். புயல் வந்திருந்தாள், தம்பியும் முன்வரிசையில் இருந்தான். "நம்பிக்கை இல்லாதவங்களை எதிரிங்கன்னு நான் தப்பா குறிச்சிட்டேன். எழுபத்தி மூணு இல்ல. நாப்பத்தொண்ணுதான். வேணுங்கறவங்க அறுபது பேரு. அன்னைக்கு மாவட்டக் கூட்டத்துலயே சொல்லியிருக்கணும். கேட்டும் சொல்லல."

சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும் சத்தம் கீழேயிருந்து கேட்டது. தம்பிக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. ஆனாலும் அவன் கத்தவில்லை, கேள்விதான் கேட்டான்.

"அந்த இருபத்தி நாலுல ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் எத்தனை வீடு?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள். "மூணு."

"மூணு. அப்ப அந்த வாக்குறுதியோட போயிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா? பள்ளிக்கூடத்துக் கூரை வந்திருக்குமா? நீயே சொல்லு."

புயல் குறுக்கிட்டாள். "இந்தப் பக்கத்துல வீட்டுலயே படுத்துக்கிட்டவங்க எத்தனை பேருன்னு யாராவது எண்ணினீங்களா, வாத்தியாரே?"

கூட்டக் குறிப்பில் ஒரே ஒரு வரி எழுதினார்கள்: 'உறுப்பினர் ஒருவரின் கருத்து கேட்டுக்கொள்ளப்பட்டது.'

வெளியே படிக்கட்டில் புயல் அவளுக்காக நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் கதவக்கா நினைத்தாள். புயல் தன் மூன்று விரல் கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு நீ சொல்லியிருந்தாலும் அவங்க வேற ஏதாவது காகிதம் கொண்டாந்திருப்பாங்க. ஆனா நீ சொல்லியிருக்கணும்."

"தெரியும்."

"தெரியும்னா சரி."

புயலும் இன்னும் சிலரும் கட்சியை விட்டுப் பிரிந்து போனவர்களோடு சேர்ந்தார்கள். அந்தச் சின்னக் கட்சி பழைய வாக்குறுதியை அப்படியே அச்சடித்து வைத்திருந்தது; ஜெயிக்கும் என்று அவர்களே நம்பவில்லை. "நீயும் வா" என்று கூப்பிட்டாள். கதவக்கா போகவில்லை. இருந்த இடத்தில் இருக்கவும் பிடிக்கவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கணவர் கேலி செய்தபோது, "ரெண்டு காலும் சேத்துலதான்" என்றாள். தம்பி நான்கு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தான், சாப்பிட்டான், வேறு கதைகள் பேசினான். இருவரும் கட்சியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். இருபது வருடமாக அதைத் தவிர வேறெதுவும் பேசாதவர்களுக்கு, நடுநடுவே பேச்சு அறுந்துபோய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

அவளுக்கு ஒரு தங்கும் விடுதியில் துணி தேய்க்கும் வேலை கிடைத்தது. வாரத்தில் புதன்கிழமை விடுப்பு. ஒரு புதனன்று பேருந்து ஏறி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்தச் சலவை ஆலையைப் பார்க்கப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நம்ம துணி எப்படி இருக்குன்னு பாக்கத்தான் என்றாள்.

நீண்ட தகரக் கொட்டகை. ஆறு ஆஸ்பத்திரிகளின் துணி அங்கே வருகிறது. வேலை மாறும் நேரத்தில் இளம் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். எல்லோரும் எங்கோ தூரத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள்; கொட்டகைக்குப் பின்னாலேயே தங்கும் அறைகள். அவர்களில் ஒருத்தியின் முழங்கை வரை சிவந்து தோல் உரிந்திருந்தது. கதவக்கா மூன்றடி தள்ளியே நின்று கேட்டாள்: "கையுறை குடுக்கலையாம்மா?"

"ஒரு ஜோடி குடுத்தாங்க. கிழிஞ்சுபோச்சு. திரும்பக் கேட்டா திட்றாங்க." அந்தப் பெண் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "நீங்க யாரு? கட்சியா?"

"ஆமா, ஒரு கட்சியில இருக்கேன்."

"எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க? எங்களுக்கு இங்க ஓட்டே இல்லையே."

திரும்பி வரும் பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். இடதுபக்கம் நகர்ந்தாலும் நடுவுக்கு நகர்ந்தாலும் கணக்குப் போடுகிறவர்கள் ஓட்டைத்தான் எண்ணுவார்கள். இந்தப் பெண்கள் எந்தப் பக்கத்துக் கணக்கிலும் வர மாட்டார்கள். தம்பியிடம் சொன்னாள். அவன் "அது வேற தொகுதி அக்கா" என்றான். புயலிடம் சொன்னாள். "எங்க கட்சிக்கு இருக்கிற ஆளுக்கு இங்கயே கதவு தட்ட முடியல" என்றாள் புயல். இருவரும் பொய் சொல்லவில்லை.

அவள் இப்போதும் புதன்கிழமைகளில் போகிறாள். கட்சி அனுப்பவில்லை, கட்சி தடுக்கவும் இல்லை. முதல் மாதம் யாரும் நின்று பேசவில்லை. காவலாளி இரண்டு முறை விரட்டினார். கையுறை கொடுக்கச் சொல்லி ஆலை நிர்வாகத்துக்கு அவள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. போன புதன் நான்கு பெண்கள் நின்றார்கள். தோல் உரிந்த கைக்காரியைக் காணோம். கேட்டதற்கு, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.